புது டயர் போட்டதும் ரேஞ்ச் எங்க போச்சு? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை எலக்ட்ரிக் கார் வச்சிருக்கறவங்க கேள்வியே நிறைய வந்திருக்கு, அதுலயும் டயர், ரிம், காத்துன்னு எல்லாம் ஒரே பக்கமா வந்ததால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், என் வண்டி 45 யூனிட் பேட்டரி இருக்கற சின்ன எஸ்யூவி. டயர் சைஸ் 215/60 ஆர் 16. கம்பெனி டயர் நல்லா தேஞ்சு போச்சு, அதனால நாலையும் மாத்திட்டேன். கடைக்காரர் "இது கல்லு மாதிரி, 60 ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்"னு சொல்லி தான் குடுத்தார். அதுலேர்ந்து ஃபுல் சார்ஜ்ல 310 கிலோமீட்டர் ரேஞ்ச் குடுத்த வண்டி 275 தான் போகுது. சர்வீஸ் சென்டர்ல செக் பண்ணிட்டு பேட்டரி நல்லா இருக்குன்னு சொல்றாங்க, எனக்கு நம்பிக்கை வரல. பேட்டரி போயிடுச்சா சார்? – ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: பேட்டரி ஒரே வாரத்துல அப்படியெல்லாம் போகாதுங்க. அவங்க சொன்னது சரியா தான் இருக்கும், பழி டயர் மேல போடுங்க.

முதல்ல ஒரு வேடிக்கையை சொல்றேன். நீங்க சொல்ற 310ல ஒரு அஞ்சு கிலோமீட்டர் எப்பவுமே இருந்ததில்ல. கார் மீட்டர் ரோட்டை அளக்கறதில்ல, சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு தான் எண்ணுது. உங்க சைஸ்ல புது டயருக்கு நடுவுலேர்ந்து விளிம்பு வரைக்கும் 33 சென்டிமீட்டர் சொச்சம் வரும், அதுல பட்டன், அதாவது தரையில படற ரப்பர் கட்டியோட உயரம், 8 மில்லிமீட்டர் இருக்கும். தேஞ்சு 2 மில்லிமீட்டருக்கு வந்துட்டா 6 மில்லிமீட்டர் போச்சு, கிட்டத்தட்ட 1.8 சதவீதம் சக்கரம் சின்னதாயிடுச்சு. சின்ன சக்கரம் அதே தூரத்துக்கு கூட சுத்தும், மீட்டர் அதையும் சேர்த்து எண்ணி 310னு காட்டும், வண்டி நிஜமா போனது 305 பக்கம் தான். புது டயர் போட்டதும் அந்த கள்ளக்கணக்கு நின்னுடுச்சு.

மீதி முப்பது கிலோமீட்டர் நிஜமாவே போனது தான். டயர் உருளும்போது தரையில படற இடம் ஒவ்வொரு சுத்துலயும் அமுங்கி திரும்ப எழும்புது, அப்படி அமுங்கற ரப்பர் வாங்கின சக்தியை முழுசா திருப்பி குடுக்காம கொஞ்சத்தை சூடா விட்டுடுது, ஹைவேயில ஓட்டிட்டு வந்து டயரை தொட்டு பாத்தீங்கன்னா தெரியும். பட்டன் தடிமனா இருந்தா அமுங்கற ரப்பரும் ஜாஸ்தி, இழப்பும் ஜாஸ்தி. அதனால தேஞ்ச டயர் தான் லேசா உருளும், புது டயர் பின்னாடி இழுக்கும். நிறைய பேரு இதை தலைகீழா நினைச்சிட்டிருக்காங்க. தேஞ்ச டயர் மழையில வழுக்கும், பிரேக் புடிச்சா நிக்காது, அது வேற விஷயம், ஆனா ரேஞ்ச் மட்டும் பாத்தா அது தான் ராசா.

இதுக்கு மேல கம்பெனிக்காரன் ஒரு வேலை பண்ணியிருப்பான். விளம்பரத்துல போடற ரேஞ்ச் நம்பர் வரணும்னு, புதுசா வர்ற வண்டிக்கு லேசா உருள்ற டயரா சொல்லி செஞ்சு வாங்குவாங்க. அதே பிராண்ட் அதே பேர்ல கடையில கிடைக்கறது கூட அதே ரப்பரா இருக்கணும்னு இல்ல. உங்க கடைக்காரர் சொன்ன "கல்லு மாதிரி, 60 ஆயிரம் ஓடும்" டயர் ரொம்ப நாள் தேயாம இருக்கணும்னு பண்ணது, லேசா உருளணும்னு பண்ணது இல்ல.

இப்ப கணக்கு. டயருக்கு உருளும் தடைன்னு ஒரு நம்பர் உண்டு, வண்டி எடையில ஒவ்வொரு டன்னுக்கும் எத்தனை கிலோ விசை பின்னாடி இழுக்குதுன்னு சொல்லும். நல்ல டயர்ல 7 இருக்கும், சாதாரண டயர்ல 10. ஆளு சாமானோட உங்க வண்டி 1600 கிலோன்னு வைங்க. 7 நம்பர் டயர் 11 கிலோ விசையில இழுக்கும், 10 நம்பர் டயர் 16 கிலோ விசையில இழுக்கும். அஞ்சு கிலோ வித்தியாசம் தானேன்னு தோணும், ஆனா அது பெருந்துறையில கிளம்பினதுலேர்ந்து போய் சேர்ற வரைக்கும் நிக்காம இழுத்துக்கிட்டே இருக்கு. 100 கிலோமீட்டருக்கு 1.3 யூனிட், மோட்டார்ல கண்ட்ரோலர்ல ஆகற நஷ்டத்தையும் சேர்த்தா ஒன்றரை யூனிட். உங்க வண்டி முன்னாடி 100 கிலோமீட்டருக்கு பதினாலரை யூனிட் எடுத்துட்டிருந்துச்சு, 310ஐ வச்சு வகுத்து பாருங்க. அதுல ஒன்றரைன்னா பத்து சதவீதம். முப்பது கிலோமீட்டருக்கு கணக்கு வந்துடுச்சா?

பெட்ரோல் காரு வச்சிருந்தப்ப இதெல்லாம் தெரியலையேன்னு கேப்பீங்க. பெட்ரோல் வண்டி சிக்னல்ல நின்னா சும்மா எரியும், பிரேக் மிதிச்சா மொத்தமும் சூடா போயிடும், இஞ்சின் சூட்டுலயே முக்கால்வாசி போயிடும், இத்தனை ஓட்டையில டயர் ஓட்டை எங்க தெரியும். எலக்ட்ரிக் வண்டியில மத்த ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு, பிரேக் மிதிச்சா கூட மோட்டாரே ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ரீஜென்ல பாதிக்கு மேல திரும்ப வந்துடுது, மிச்சம் இருக்கறது டயரும் காத்துத் தடையும் ஏசியும் தான். அதோட உங்க பேட்டரில மொத்தமா இருக்கற 45 யூனிட், பெட்ரோல் கணக்குல பாத்தா அஞ்சு லிட்டர், ஒரு ஸ்கூட்டர் டேங்க் அவ்ளோ தான். அதை வச்சு 300 கிலோமீட்டர் போற வண்டிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலும் மீட்டர்ல தெரியத்தான் செய்யும்.

என்ன பண்ணலாம்னா, முதல்ல காத்து செக் பண்ணுங்க, டயர் மாத்தின கடையில எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடிச்சு விட்டிருப்பாங்க. அலைன்மென்ட் பாத்தாங்களான்னு பில்லை எடுத்து பாருங்க, சக்கரம் கோணலா இருந்தா டயர் உருளாம லேசா இழுபட்டுக்கிட்டே வரும், ரேஞ்சும் போகும் டயரும் போகும். இந்த ரெண்டும் சரின்னா டயரை கழட்டி வீசாதீங்க, ஓட்ட ஓட்ட கொஞ்சம் திரும்ப வரும். அடுத்த தடவை வாங்கும்போது நம்பர் பாத்து வாங்குங்க, கீழ வேற ஒருத்தருக்கு அதை விளக்கமா சொல்லியிருக்கேன்.

கேள்வி: அண்ணா, என் எலக்ட்ரிக் கார்ல 16 இன்ச் ரிம், பாக்க சப்பையா இருக்கு. 18 இன்ச் அலாய் போட்டா ரேஞ்ச் எவ்ளோ குறையும்? "ரெண்டு இன்ச் தானே, ஒண்ணும் ஆகாது"ன்னு ஃப்ரெண்ட் சொல்றான். – கல்லூரி மாணவர், கோவை

பதில்: தம்பி, உங்க கேள்விக்கு அமெரிக்காவுல ஒரு அருமையான பரிசோதனை தெரியாமலே நடந்திருக்கு. 2020 டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் வண்டியை எடுத்துக்கங்க. ஒரே பேட்டரி, ஒரே மோட்டார், ரிம் மட்டும் மூணு சைஸ். அந்த ஊர் அரசாங்க ரேட்டிங்ல 18 இன்ச்சுக்கு 322 மைல், 19க்கு 304, 20க்கு 299. நம்ம கணக்குல 518, 489, 481 கிலோமீட்டர். ரெண்டு இன்ச் ஏத்தினதுக்கு 37 கிலோமீட்டர் போச்சு.

ஆனா கொஞ்சம் உத்து பாருங்க. 18லேர்ந்து 19க்கு போனப்ப 29 போச்சு, 19லேர்ந்து 20க்கு போனப்ப 8 தான் போச்சு. இன்ச்சு தான் காரணம்னா ரெண்டு தடவையும் ஒரே மாதிரி போயிருக்கணும்ல? இன்னொண்ணு, மூணு டயருக்கும் அகலம் 235 தான், ரிம் பெருசாக பெருசாக ரப்பர் உயரம் குறைஞ்சதால வெளி விட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணே தான். அப்ப வித்தியாசம் எங்க? 18 இன்ச் ரிம்முக்கு மேல காத்து உள்ள போகாம பிளாஸ்டிக் மூடி இருக்கும், டயரும் லேசா உருள்ற ரகம். 19ல மூடி கிடையாது, டயரும் வேற ரகம். அங்க தான் பெரிய அடி விழுந்துச்சு. அதனால நான் யார் கேட்டாலும் சொல்றது, ரிம் எத்தனை இன்ச்னு கேக்கறதுக்கு முன்னாடி அதுக்கு மேல என்ன ரப்பர் போடப்போறீங்க, ரிம் எவ்ளோ ஓட்டையா இருக்குன்னு கேளுங்க. இன்ச்சு மூணாவது தான். ஆனா நடைமுறைல பெரிய ரிம் வாங்கறவங்க கூடவே அகலமான, புடிமானம் ஜாஸ்தி இருக்கற ஸ்போர்ட்ஸ் டயரும் வாங்குவாங்க, டிசைனும் விரல் விட்டா உள்ள போற மாதிரி திறந்து இருக்கும், அதனால எல்லா கெடுதலும் சேர்ந்தே வரும். அதே டெஸ்லாவோட மாடல் எஸ் ப்ளெய்டுல 19 இன்ச்சுக்கு 396 மைல், 21 இன்ச்சுக்கு 348 மைல். 77 கிலோமீட்டர் அழகுக்கு காணிக்கை.

ரிம் வெயிட்டைப் பத்தியும் பேசுவாங்க. வண்டியை நகர்த்தும்போது கனமான ரிம்மை சுத்த வைக்க கூட சக்தி வேணும், உண்மை தான், ஆனா நிறுத்தும்போது ரீஜென்ல ஒரு பங்கு திரும்ப வந்துடும், ஒரே வேகத்துல போற ரோட்டுல அது பெருசா தெரியாது. கனமான ரிம் சஸ்பென்ஷனை தான் படுத்தும்.

இதெல்லாம் விடுங்க, நம்ம ரோட்டுக்கு வருவோம். ரிம் பெருசானா ரப்பர் உயரம் குறையும், ஒரு பள்ளத்துல இறங்கினா ரிம் நேரா வாங்கும், வளைஞ்ச ரிம்மை தட்டி நிமித்தறதுக்கு ஒரு தடவை காசு குடுத்தீங்கன்னா அழகு ஆசை போயிடும். ஆர்சில பதிவான விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு வேற இருக்கு, வாரண்டி கிளெய்ம் போனா அதை காட்டி கைய விரிப்பாங்க. ஆசையா இருந்தா உங்க வண்டியோட மேல் வேரியன்ட்டுக்கு கம்பெனியே குடுக்கற சைஸ் என்னன்னு பாருங்க, அதுக்கு மேல போகாதீங்க. டயர் மேல இருக்கற லோட் நம்பரையும் பாருங்க, 95னா ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 99னா 775. பேட்டரி வண்டி கனம் ஜாஸ்தி, கம்பெனி குடுத்ததை விட குறைஞ்ச நம்பர் போடவே கூடாது.

கேள்வி: அண்ணே, பங்க்ல காத்து அடிக்கிற பையன் எல்லா வண்டிக்கும் 30 தான் வைக்கிறான். எங்க கதவு ஓரத்துல ஸ்டிக்கர்ல 35னு இருக்கு. ஒரு யூடியூப்ல 40 வச்சா ரேஞ்ச் கூடும்னு சொல்றாங்க. நைட்ரஜன் போட்டா நல்லதா? – இல்லத்தரசி, மதுரை

பதில்: ஸ்டிக்கர் தான்மா வேதவாக்கு. 30 பத்தவே பத்தாது, காத்து குறைஞ்சா டயர் இன்னும் ஜாஸ்தி அமுங்கும், மேல பெருந்துறை வாசகருக்கு சொன்ன சூடு இன்னும் கூடும், ரெண்டு ஓரமும் சீக்கிரம் தேயும். வண்டியை விட்டு இறங்கி நின்னு "முப்பத்தஞ்சு வைப்பா"ன்னு சொல்லுங்க, மிஷின்ல நம்பர் மாத்தறதை கண்ணால பாருங்க. குடும்பத்தோட சாமானோட போகும்போது ஃபுல் லோடுக்குன்னு தனியா ஒரு நம்பர் ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும், அதை வைங்க.

40 வச்சா ரேஞ்ச் கொஞ்சம் கூடத்தான் செய்யும், பொய் இல்ல. ஆனா தரையில படற ரப்பர் குறையும், மழை நாள்ல பிரேக் புடிச்சா தூரம் போய் தான் நிக்கும், நடுப்பட்டன் மட்டும் தேயும், பள்ளத்துல விழுந்தா தூக்கி போடும். நாலஞ்சு கிலோமீட்டருக்காக இதெல்லாம் வேண்டாம்.

காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது பாக்கற நம்பர் தான் கணக்கு. அஞ்சாறு டிகிரி சூடு ஏறினா ஒரு பிஎஸ்ஐ ஏறும், 30, 35ன்னு சொல்றோமே அந்த காத்து அழுத்தத்தோட அளவு தான் பிஎஸ்ஐ. மதுரை வெயில்ல ரிங் ரோடு சுத்திட்டு வந்து பாத்தா 35 வச்சது 39 காட்டும், ஐயோ ஜாஸ்தியாயிடுச்சுன்னு காத்தை இறக்கிடுவாங்க, மறுநாள் காலையில 31ல நிக்கும். இறக்கவே கூடாது. நைட்ரஜன் பத்தி கேட்டீங்க, நம்ம சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் தான் இருக்கு. சும்மா குடுத்தா போட்டுக்கங்க, அதுக்குன்னு தேடி போகாதீங்க. மாசம் ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ தானா இறங்கும், எது அடிச்சாலும் பாத்துக்கிட்டே இருக்கணும்.

கேள்வி: சார், என் வண்டி வீல்ல பிளாஸ்டிக் கவர் இருக்கு, தட்டு மாதிரி அசிங்கமா இருக்கு. கழட்டிடலாமா? – சென்னை, மேடவாக்கம்

பதில்: ஊருக்குள்ள மட்டும் ஓட்டறீங்கன்னா கழட்டுங்க, மேடவாக்கம் டிராஃபிக்ல 30ல ஊர்ற வண்டிக்கு காத்துத் தடையாவது ஒண்ணாவது. ஹைவே அடிக்கடி போறீங்கன்னா விட்டு வைங்க. ஒரு காருக்கு வர்ற மொத்த காத்துத் தடையில கால்வாசி சக்கரமும் அது சுத்தற இடமும் சேர்ந்து தான் உண்டாக்குது, திறந்த ரிம் ஃபேன் மாதிரி காத்தை கலக்கும், மூடி இருந்தா காத்து பக்கவாட்டுல வழுக்கிட்டு போயிடும். பெட்ரோல் வண்டியில பிரேக் ஆற காத்து வேணும்னு திறந்து வைப்பாங்க, இதுல ரீஜென் பாதி வேலை செய்யறதால பிரேக் அவ்ளோ சூடாகாது.

கேள்வி: புது டயர் வாங்கணும். "இவி டயர்"னு எழுதியிருக்கறது தான் வாங்கணுமா, ரேட்டு ஜாஸ்தி சொல்றாங்களே. ஸ்டார் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே அது என்ன? – அரசு ஊழியர், சேலம்

பதில்: எழுத்தை பாத்து ஏமாற வேண்டாம், எழுதாததை ஒதுக்கவும் வேண்டாம். அப்போலோவோட ஆம்பீரியன், சியட்டோட எனர்ஜி டிரைவ்னு நம்ம நாட்டு கம்பெனிகளே எலக்ட்ரிக் கார்னு சொல்லி தனியா டயர் போடறாங்க. கனம் தாங்கற கட்டுமானம், லேசா உருள்ற ரப்பர், சத்தம் குறைவு, இந்த மூணும் சேர்ந்தா இவி டயர், வேற மந்திரம் கிடையாது. இந்த மூணும் உள்ள சாதாரண டயரும் வேலை செய்யும்.

அந்த ஸ்டார், ஃப்ரிட்ஜ் ஏசிக்கு ஸ்டார் குடுக்கற அதே பிஇஇங்கற மத்திய அரசு அமைப்பு குடுக்கறது. ஸ்டார் ஜாஸ்தின்னா உருளும் தடை கம்மி. எல்லா டயர்லயும் இருக்காது. வெளிநாட்டு டயரா இருந்தா ஐரோப்பா லேபிள் ஒட்டியிருக்கான்னு பாருங்க, 2021 மே மாசத்துலேர்ந்து ஏ முதல் இ வரைக்கும் அஞ்சு கிரேடு. ஏ கிரேடுன்னா உருளும் தடை டன்னுக்கு 6.5 கிலோ இல்ல அதுக்கும் கீழ, சி வரைக்கும் போனா 9, இ கிரேடுன்னா 10.6 இல்ல அதுக்கும் மேல. மேல நான் போட்ட 7க்கும் 10க்கும் உள்ள கணக்கை எடுத்துக்கிட்டா அது பி கிரேடுக்கும் டி கிரேடுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனா அதே லேபிள்ல மழை படம் போட்டு இன்னொரு கிரேடு இருக்கும், ஈர ரோட்டுல பிரேக். அதை பாக்காம வாங்காதீங்க. முன்னெல்லாம் லேசா உருள்ற டயர்னா ஈரத்துல வழுக்கும்னு அர்த்தம். 1992ல மிஷலின் கம்பெனி கார்பன் தூளுக்கு பதிலா சிலிகா கலந்து டயர் கொண்டு வந்தப்புறம் தான் ரெண்டும் ஒண்ணா கிடைக்க ஆரம்பிச்சது. ஆனாலும் விலை குறைஞ்ச டயர்ல ரெண்டுல ஒண்ணை தான் குடுப்பாங்க. ஈரத்துல ஒரு கிரேடு இறங்கினா 80 கிலோமீட்டர் வேகத்துல நிக்கற தூரம் மூணு மீட்டருக்கு மேல நீளும். ஏற்காடு மலையில மழையில இறங்கி பழகினவருக்கு மூணு மீட்டர்னா என்னன்னு நான் சொல்லணுமா. உருளும் தடையில பி, ஈரத்துல ஏ இருந்தா கண்ண மூடிட்டு வாங்குவேன், ரெண்டும் மாறி இருந்தா யோசிப்பேன்.

கேள்வி: ஆணி குத்திடுச்சு, பஞ்சர் கடையில கழட்டி பாத்தா டயருக்குள்ள ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கு. கடைக்காரரு "இதை எவன் வச்சான், புடுங்கிடவா"ங்கறாரு. என்ன பண்றது? – வாசகர், நாகர்கோவில்

பதில்: மொத்தத்தையும் புடுங்க விடாதீங்க. அது சத்தத்துக்காக கம்பெனியே ஒட்டினது, இஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில டயர் உறுமறது ரொம்ப கேக்கும், அதை குறைக்கறதுக்கு. ஓட்டை இருக்கற இடத்துல மட்டும் கை அகலத்துக்கு கத்தியால வெட்டி, பசையை சுத்தமா சுரண்டி எடுத்துட்டு, உள்பக்கம் காளான் பேட்ச் (காளான் மாதிரி தண்டு ஓட்டைக்குள்ள போற பேட்ச்) ஒட்ட சொல்லுங்க. பசை மிச்சம் இருந்தா பேட்ச் புடிக்காது. வெட்டின துண்டை திரும்ப வைக்கலன்னாலும் பெருசா வித்தியாசம் தெரியாது, வீல் பேலன்ஸ் மட்டும் கண்டிப்பா பண்ணிடுங்க. ரேஞ்சுக்கும் ஸ்பாஞ்சுக்கும் சம்பந்தம் இல்ல. பக்கச்சுவர்ல குத்தியிருந்தா பேட்ச் போடவே கூடாது, டயரை மாத்துங்க.

கேள்வி: திருநெல்வேலிலேர்ந்து சென்னைக்கு போகணும். நல்ல டயர் போட்டா ஒரு சார்ஜ் நிறுத்தம் குறையுமா? – வியாபாரி, பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, டயரை விட உங்க வலது கால் தான் முக்கியம். எஸ்யூவி சைஸ் வண்டிக்கு 60ல போகும்போது காத்துத் தடை ஏறக்குறைய 13 கிலோ விசை, டயர் தடையும் அதை ஒட்டியே இருக்கும், சரிசமம். 100ல போனா காத்துத் தடை 35 கிலோ கிட்ட வந்துடும், டயர் தடை அப்படியே தான் நிக்கும். நாலு வழிச்சாலையில காருக்கு வேக வரம்பே 100 தான், 80ல நிதானமா போனீங்கன்னா புது டயருக்கு செலவு பண்ணி கிடைக்கறதை விட ஜாஸ்தியே மிச்சம் ஆகும். அந்த ரூட்ல எப்படியும் சாப்பாட்டுக்கு நிறுத்துவீங்க, அங்க சார்ஜர் இருக்கற ஹோட்டலா பாத்து நிறுத்துங்க.

கேள்வி: ஸ்டெப்னியை கழட்டி வீட்ல வச்சா ரேஞ்ச் கூடுமா? – வாசகர், திண்டிவனம்

பதில்: ஸ்டெப்னி 16 கிலோன்னு வச்சாலும் 1600 கிலோ வண்டியில நூத்துல ஒரு பங்கு, டயர் தடை அந்த ஒரு பங்கு குறையும், காத்துத் தடை குறையவே குறையாது. முழு சார்ஜ்ல ஒரு கிலோமீட்டர், ரொம்ப போனா ஒன்றரை. ராத்திரி பன்னெண்டு மணிக்கு விக்கிரவாண்டி தாண்டி பஞ்சராச்சுன்னா அந்த ஒன்றரை கிலோமீட்டரை வச்சு என்ன பண்ணுவீங்க? டிக்கிலயே இருக்கட்டும், அதுக்கும் மாசம் ஒரு தடவை காத்து பாருங்க.